ஒரு தொடர்நாடகமும் ஒரு தேசத்தின் தொலைபேசிகளும்

1979 ஜனவரி 18ஆம் திகதி இரவு மேற்கு ஜேர்மனியில் இரண்டு இடங்களில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கட்டமைப்புகளுக்குக் குண்டு வைக்கப்பட்டது. ஓரிடம் கோப்லென்ஸ் நகருக்கு அருகில். மற்றது முன்ஸ்டர் பக்கமாக உள்ள நொட்டுல்ன். குண்டு வைத்தவர்கள் வலதுசாரித் தீவிரவாதிகள். யூதர்களைக் கூண்டோடு அழிப்பதற்கு நாஜிகள் வைத்த பெயரான 'இறுதித் தீர்வு' என்ற தலைப்பில் ஓர் ஆவணப்படம் அன்றிரவு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. பல்லாயிரக்கணக்கான வீடுகளில் திரை இருண்டது.

குண்டு வைத்தவர்களின் உண்மையான இலக்கு அந்த ஆவணப்படம் அல்ல. அடுத்த வாரம் நான்கு இரவுகளில் ஓர் அமெரிக்கத் தொடர் வரவிருந்தது. ஆவணப்படம் அதற்கான முன்னோட்டம் மட்டுமே. தொடரின் பெயர் 'ஹோலோகோஸ்ட்'.

ஒரு தொலைக்காட்சி நாடகத்தை நிறுத்தக் குண்டு வைக்கும் அளவுக்கு ஒருவர் போவாரானால், அந்த நாடகம் எதையோ செய்துவிடும் என்று அவர் நம்பியிருக்கிறார் என்பது பொருள். அதே நாடகத்தைப் பற்றி அன்றைய ஜேர்மன் அறிவுலகத்தின் பெரும்பகுதிக்கு அப்படி எந்த நம்பிக்கையும் இருக்கவில்லை. சவர்க்கார விளம்பரங்களுக்கு இடையில் காட்டப்படும் குடும்பக் கண்ணீர்க் கதை என்றே அவர்கள் அதைக் கருதினார்கள். நடந்ததைப் பார்த்தால், குண்டு வைத்தவர்களின் கணிப்புத்தான் சரியாக இருந்தது. இந்த முரண்தான் என்னைப் பல ஆண்டுகளாக இந்தக் கதையோடு கட்டிப்போட்டிருக்கிறது.

தொடரின் பிறப்பு முழுக்க முழுக்க வணிகம் சார்ந்தது. 1977 ஜனவரியில் ஏபிசி நிறுவனம் 'ரூட்ஸ்' தொடரை எட்டு இரவுகள் தொடர்ச்சியாக ஒளிபரப்பியது. ஆபிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒருவரின் வம்சக் கதையை அமெரிக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது. பார்வையாளர் எண்ணிக்கை அதுவரை எந்த நாடகமும் கண்டிராதது. போட்டி நிறுவனமான என்பிசிக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது. ஜெரால்ட் கிரீன் எழுதினார், மார்வின் சோம்ஸ்கி இயக்கினார். 1978 ஏப்ரல் 16 முதல் 19 வரை நான்கு இரவுகள் தொடர் ஒளிபரப்பானது.

கதையில் இரண்டு குடும்பங்கள். பேர்லினில் மருத்துவராக இருக்கும் யோசெப் வைஸின் யூதக் குடும்பம் ஒன்று. வேலையில்லாத இளம் சட்டத்தரணி எரிக் டோர்ஃபின் குடும்பம் மற்றொன்று. மனைவியின் தூண்டுதலில் எஸ்எஸ் படையில் சேரும் டோர்ஃப் படிப்படியாக மேலே போகிறான். கொலைகளுக்கு நாகரிகமான அலுவலகச் சொற்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவன் திறமை. வைஸ் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். மகள் 'கருணைக்கொலை' என்ற பெயரில் மனநோயாளரைக் கொன்ற ஹடமார் நிலையத்தில் சாகிறாள். ஓவியனான மூத்த மகன் புகன்வால்டிலிருந்து தெரேசியன்ஸ்டட் வழியாக அவுஷ்விட்ஸ் போகிறான். தந்தை வார்சோ கெட்டோவுக்கு அனுப்பப்படுகிறார். இளைய மகன் மட்டும் தப்பிக் காடுகளில் கெரில்லாக்களோடு சேர்கிறான். வரலாற்றின் ஒவ்வொரு முக்கிய இடத்திலும் இந்தக் குடும்பத்தின் ஓர் அங்கத்தவர் நின்றுகொண்டிருப்பார். திரைக்கதை உத்தியாகப் பார்த்தால் இது பழைய தந்திரம். மூத்த மகனின் கிறிஸ்தவ மனைவியாக நடித்த மெரில் ஸ்ட்ரீப் அப்போது அதிகம் அறியப்படாத நடிகை.

அமெரிக்காவில் சுமார் 12 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். எமி விருதுகள் எட்டு கிடைத்தன. ஆனால் முதல் பகுதி வந்த அதே நாளில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் எலீ வீசல் மிகக் கடுமையாக எழுதினார். அவுஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்டவர் அவர். இது உண்மையல்ல, இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் அவமதிக்கும் மலிவான சரக்கு என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். பாதி உண்மையும் பாதி கற்பனையும் கலந்தால், நாளை மறுப்பவர்கள் எல்லாவற்றையுமே கற்பனை என்று சொல்ல வழி பிறக்கும் என்று அவர் அஞ்சினார். முகாம் காட்சிகளை உடைத்துக்கொண்டு விளம்பரங்கள் வந்ததைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். வேறு சிலர், பிழைத்தவர்கள் உட்பட, பிள்ளைகளிடம் தங்களால் சொல்ல முடியாமல் போனதை இந்தத் தொடர் சொல்லிவிட்டது என்றார்கள். பாதிக்கப்பட்ட ஒரே சமூகம் ஒரே படத்தைப் பார்த்து இரண்டாகப் பிரிந்தது.

அதே ஆண்டு நவம்பரில் அதிபர் கார்ட்டர் யூத இனப்படுகொலைக்கு ஒரு நினைவுச்சின்னம் அமைப்பது பற்றி ஆராய ஆணைக்குழு ஒன்றை நிறுவினார். அதன் தலைவராக நியமிக்கப்பட்டவர் வீசல். 1993இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அந்த ஆணைக்குழுவின் வழி வந்ததுதான். தொடர் உண்டாக்கிய சூடு இல்லாமல் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

இனி ஜேர்மனிக்கு வருவோம். கொலோனைத் தலைமையகமாகக் கொண்ட டபிள்யூடிஆர் நிறுவனம் தொடரை வாங்கியது. பொது ஒளிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்புக்குள் உடனே தகராறு தொடங்கியது. முதலாவது தேசிய அலைவரிசையில் காட்டக்கூடாது என்று பவேரிய நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. தரம் போதாது என்பது வெளியில் சொல்லப்பட்ட காரணம். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. வழக்கமாக மிகச் சிறிய கூட்டமே பார்க்கும் பிராந்திய மூன்றாம் அலைவரிசைகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் காட்டுவது. ஓரமாக வைத்தால் பலர் பார்க்கமாட்டார்கள் என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும்.

ஜனவரி 22, 23, 25, 26 ஆகிய நான்கு இரவுகள். முதல் இரவிலேயே பார்வையாளர் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டியது. இரவுக்கு இரவு ஏறி, கடைசி நாளில் 40 விழுக்காட்டை நெருங்கியது. ஏறத்தாழ 2 கோடிப் பேர் ஒரு பகுதியையாவது பார்த்தார்கள்.

தொடரை வாங்கியவர்கள் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் நேரடிக் கலந்துரையாடல் வைத்தார்கள். வரலாற்றாசிரியர்களும் முகாம்களிலிருந்து மீண்டவர்களும் கலையகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பார்வையாளர்கள் தொலைபேசியில் அழைக்கலாம். புகன்வால்டில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்து, விடுதலையான கையோடு எஸ்எஸ் அரசைப் பற்றிய நூலை 1946இல் வெளியிட்ட ஒய்கன் கோகோன் அங்கே இருந்தார். நள்ளிரவைத் தாண்டியும் அழைப்புகள் நிற்கவில்லை. மொத்தம் 30,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன.

அந்த அழைப்புகளில் எல்லா வகையும் இருந்தன. முப்பது வருடம் கழித்து ஏன் இதைக் கிளறுகிறீர்கள் என்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். டிரெஸ்டன் குண்டுவீச்சையும் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜேர்மனியரையும் பற்றி யார் படம் எடுப்பார் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சீருடையின் பட்டி தவறு, முகாம் கைதிகள் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று திருத்தம் சொன்னவர்களும் உண்டு. யூதர்கள் மீதான வெறுப்பைப் பச்சையாகக் கக்கியவர்களும் உண்டு. ஆனால் அழுதுகொண்டே அழைத்தவர்கள் பலர். கிழக்குப் போர்முனையில் இருந்த முன்னாள் சிப்பாய்கள் சிலர், திரையில் பார்த்தது போன்ற கொலைகளைத் தாங்கள் நேரில் கண்டதாக முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார்கள். பெற்றோர் சொல்லாமல் மறைத்ததை இப்போதுதான் அறிகிறோம் என்று இளையவர்கள் சொன்னார்கள். பெற்றோர் பக்கத்து அறையில் இருக்கும்போதே சிலர் அழைத்தார்கள்.

டுசல்டோர்ஃபில் ஒரு மென்பொருள் திட்டத்தில் என்னோடு வேலை செய்த, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஜேர்மன் நண்பர் ஒருவர் இதைப் பற்றி ஒரு மதிய உணவின்போது சொன்னார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. இரண்டாம் இரவு பாதியில் அவருடைய தந்தை எழுந்து நிலவறைக்குப் போய் ஏதோ மரவேலை செய்யத் தொடங்கிவிட்டாராம். அடுத்த பகுதிக்குத் திரும்பி வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நானும் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்கக்கூடும் என்று அன்றிலிருந்து அவருக்குத் தெரியும்" என்றார் நண்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1979இல் ஜேர்மனியர்களுக்குத் தகவல் தெரியாமல் இருக்கவில்லை. 1961இல் ஜெருசலேமில் ஐக்மன் விசாரணை நடந்தது. 1963 முதல் 1965 வரை பிராங்பேர்ட்டில் அவுஷ்விட்ஸ் வழக்கு நடந்தது. 1970இல் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சோவில் கெட்டோ நினைவுச்சின்னத்தின் முன் முழந்தாளிட்டார். தொடர் ஒளிபரப்பான அதே நாட்களில் டுசல்டோர்ஃபில் மைடானெக் முகாம் காவலர்கள் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆவணங்கள், நூல்கள், தீர்ப்புகள் எல்லாம் இருந்தன. இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படும் ராவுல் ஹில்பெர்க்கின் ஆய்வு 1961இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜேர்மன் மொழியில் அது 1982இல்தான் வந்தது, அதுவும் ஒரு சிறிய பதிப்பகத்தின் வழியாக. 21 ஆண்டுகள் எந்தப் பெரிய பதிப்பகமும் அதை வெளியிடவில்லை.

அறுபது லட்சம் என்ற எண்ணைக் கேட்டு யாரும் அழுவதில்லை. எண்ணுக்கு முகம் இல்லை. மலிவான நாடகம் என்று இகழப்பட்ட தொடர் செய்தது, பியானோ வாசிக்கும் ஒரு தாயையும் உதைபந்து விளையாடும் ஒரு பையனையும் கொடுத்தது. பார்வையாளர்கள் தங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டைத் திரையில் கண்டார்கள். அந்த வீடு கலைக்கப்படுவதைக் கண்டார்கள். அறிஞர் மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர்கள் மக்களைத் தவறவிட்டுவிட்டோமோ என்ற விவாதம் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. கலையில் உணர்ச்சிவசப்படுதலை எப்போதும் சந்தேகித்த இடதுசாரி விமர்சன மரபு, பாதிக்கப்பட்டவரோடு ஒன்றிப்போவது சில வேளைகளில் அரசியல் ரீதியாகத் தேவையானதாக இருக்கலாம் என்று யோசிக்க நேர்ந்தது. ஆந்திரியாஸ் ஹொய்சன் என்ற விமர்சகர் 1980இல் எழுதிய கட்டுரை இந்தத் திசையில் முக்கியமானது.

விமர்சனங்கள் பொய்யாகிவிட்டன என்று இதற்குப் பொருளல்ல. படைப்பாக எடைபோட்டால் வீசல் சொன்னவற்றில் பெரும்பாலானவை இன்றும் நிற்கும். 1970களிலிருந்தே தன் படத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த கிளோட் லான்ஸ்மன் இந்தத் தொடரைக் கடுமையாக வெறுத்தார். 1985இல் வெளியான அவருடைய 'ஷோவா' ஒன்பதரை மணி நேரம் ஓடுகிறது. அதில் ஒரு பழைய ஆவணக் காட்சியும் இல்லை, நடிப்பும் இல்லை. சாட்சிகளின் முகமும் குரலும் இன்று புல் முளைத்திருக்கும் இடங்களும் மட்டுமே. ஜேர்மன் இயக்குநர் எட்கார் ரைட்ஸ் வேறு திசையில் கோபப்பட்டார். எங்கள் வரலாற்றை அமெரிக்கர்கள் எங்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். 1984இல் வந்த அவருடைய 'ஹைமாட்' தொடர் ஒரு மலைக் கிராமத்தின் வாழ்க்கையைப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் சொல்லிச் செல்கிறது. அற்புதமான படைப்பு. ஆனால் அந்தக் கிராமத்துக் கதையில் யூதர்களின் விதி ஏறத்தாழக் காணப்படவில்லை என்று விமர்சகர்கள் கேட்டார்கள். சொந்த வரலாற்றைச் சொந்தக் கையால் எழுதினாலும் விடுபடுபவர் இருப்பார்.

அந்த ஆண்டு ஜேர்மன் நாடாளுமன்றத்தின் முன் ஒரு சட்டப் பிரச்சினை காத்திருந்தது. கொலைக்குற்றத்துக்கு வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பு 1965இலும் 1969இலும் ஏற்கெனவே இருமுறை நீட்டப்பட்டிருந்தது. 1979 டிசம்பர் 31உடன் அது முடிவடைய இருந்தது. முடிந்திருந்தால், அதுவரை வழக்கில் சிக்காத நாஜிக் கொலைகாரர்கள் அதன் பின் பயமின்றி வாழலாம். போதும், கணக்கை மூடுவோம் என்ற எண்ணம் பொதுமக்களிடம் பரவலாக இருந்தது. தொடருக்குப் பின்னான கருத்துக் கணிப்புகளில் அந்த எண்ணம் தளர்ந்தது. ஜூலை 3ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. 255க்கு 222. கொலைக்கான கால வரம்பு அடியோடு நீக்கப்பட்டது. ஒரு தொலைக்காட்சித் தொடர் சட்டத்தை மாற்றியது என்று சொல்வது மிகை. வாக்களித்தவர்களுக்கு வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனால் 33 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த ஒரு விவாதத்தில், ஜனவரி மாதத்து நான்கு இரவுகளின் நிழல் விழவே இல்லை என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். 90 வயதைக் கடந்த முகாம் காவலர்கள் அண்மைக் காலத்திலும் ஜேர்மன் நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டதற்குச் சட்ட அடிப்படை அந்த வாக்கெடுப்புத்தான்.

இன்னொன்றும் நடந்தது. அதுவரை அந்தக் குற்றத்தைச் சொல்ல ஜேர்மன் மக்களின் அன்றாட மொழியில் நிலைத்த ஒற்றைச் சொல் இல்லை. குற்றவாளிகளே உருவாக்கிய 'இறுதித் தீர்வு' இருந்தது. 'அவுஷ்விட்ஸ்' என்ற இடப்பெயர் இருந்தது. கிரேக்க வேர் கொண்ட 'ஹோலோகோஸ்ட்' என்ற சொல் ஆங்கிலத் தொடரின் தலைப்பாக வந்து, அந்த ஆண்டின் சொல்லாக ஜேர்மன் மொழிக் கழகத்தால் தெரிவுசெய்யப்பட்டு, அகராதிக்குள் போனது. முள்ளிவாய்க்கால் என்ற கடலோரச் சிற்றூரின் பெயர் நமக்கு ஒரு பெருநிகழ்வின் பெயராக மாறிவிட்டதை நினைத்தால், இடமும் சொல்லும் நினைவும் எப்படி ஒன்றோடொன்று பிணைகின்றன என்பது புரியும்.

நம்மவர் கதைகளும் நம்முடையதல்லாத கைகளால் திரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2002இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்'. 2021இல் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவம். அதன் முன்னோட்டம் மட்டுமே வந்திருந்த மே மாதத்திலேயே தமிழ்நாட்டு அரசு அதை நிறுத்தும்படி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. ஒவ்வொரு முறையும் நமது வீடுகளிலும் கூட்டங்களிலும் ஒரே வகை வாக்குவாதம். நம்மைக் காட்டிவிட்டார்கள் என்று ஒருவர் மகிழ்வார். நம்மைக் கொச்சைப்படுத்திவிட்டார்கள் என்று மற்றவர் கொதிப்பார். சீருடை தவறு, பேச்சுத்தமிழ் தவறு என்று மூன்றாமவர் பட்டியலிடுவார். 'தீபன்' படத்தின் முடிவில் வரும் துப்பாக்கிச் சண்டையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்தப் படத்தின் மூன்று அந்நியர்கள் குடும்பமாக நடித்துக் குடும்பமாகவே ஆகிவிடுவதைப் பற்றி நாம் பேசவில்லை.

படம் நேர்மையானதா, அழகானதா என்ற கேள்விகள் அவசியமானவை. ஜேர்மன் அனுபவம் அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறது.

முதலாவது, யார் பார்த்தார்கள், பார்த்தபின் எங்கே போய்ப் பேசினார்கள்? 2011 ஜூன் 14இல் பிரித்தானியாவின் சனல் 4 இலங்கையின் கொலைக்களங்கள் பற்றிய ஆவணப்படத்தைக் காட்டியது. கற்பனை கலக்காத, கண்கொண்டு பார்க்க முடியாத பதிவு. உலகம் பார்த்தது, நாம் பார்த்தோம். இலங்கை அரசு அதைப் போலி என்று நிராகரித்தது. பாதுகாப்பு அமைச்சு மறுப்பாகத் தானே ஒரு படம் தயாரித்தது. ஜேர்மனியில் தொடரைக் காட்டியது நாட்டின் சொந்தப் பொது ஒளிபரப்பு நிறுவனம். பக்கத்தில் சாட்சிகளை உட்கார வைத்தது, தொலைபேசியைத் திறந்து வைத்தது. கொழும்பில் எந்த நிறுவனமும் அப்படி ஒரு கலையகத்தை அமைக்கவில்லை. அதோடு, தோற்ற ஜேர்மனிக்கே போர் முடிந்து 34 ஆண்டுகள் தேவைப்பட்டன. வென்ற அரசு ஒன்று அதைவிட விரைவில் திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்க்க வரலாற்றில் ஆதாரம் குறைவு. ஆனால் அங்கும் பிறந்து வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி சொல்லக் கடினமானது. இந்தத் தொடரைப் பார்க்கும் தமிழர் எவரும் தம்மை வைஸ் குடும்பத்தில்தான் காண்பார். அது இயல்பு, பெருமளவில் நியாயமும்கூட. ஆனால் தொடரில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. போர் முடிந்தபின், டோர்ஃபின் உறவினர் அவன் செய்ததை அவன் வீட்டாரிடம் சொல்ல வரும்போது, அவர்கள் கேட்க மறுக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும், அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதையும், 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடியதையும் நம் வீட்டு வரவேற்பறையில் யார் பேசுகிறார்கள்? இவை அளவிலும் தன்மையிலும் நாஜிக் குற்றங்களோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. நமக்கு இழைக்கப்பட்டதை இவை குறைப்பதும் இல்லை. அந்த உறவினரை வாசலில் நிறுத்திவைப்பது மட்டும் ஒன்றுபோல் இருக்கிறது. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ பிறந்த ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒன்றைச் சந்தித்து, வீட்டுக்கு வந்து கேட்டால் என்ன சொல்லப்போகிறோம்?

2019 ஜனவரியில், நாற்பதாம் ஆண்டை ஒட்டி, ஜேர்மன் பிராந்திய அலைவரிசைகள் தொடரை மறுபடி காட்டின. இன்றைய கண்ணுக்கு அது பழையதாக, நாடகத்தனமாகத் தெரிகிறது. வசனங்கள் சில இடங்களில் கூச்சம் தருகின்றன. ஆனால் அதைச் சுற்றி வந்த எதிர்வினைகள் பழையதாகவில்லை. அழைத்தவர்கள் சொன்னவை குறித்துவைக்கப்பட்டன, கடிதங்கள் ஆராயப்பட்டன, அந்த ஆண்டே நூலாகத் தொகுக்கப்பட்டன. ஒரு சமூகம் தன் கடந்தகாலத்தின் முன் எப்படித் திணறியது என்பதற்கு அவையே இன்று முதன்மை ஆவணம். திட்டியவரும் அழுதவரும் சீருடைப் பட்டியைத் திருத்தியவரும் அதில் இருக்கிறார்கள்.

நமது எதிர்வினைகள் தேநீரோடு முடிந்துவிடுகின்றன. 'தீபன்' பார்த்துவிட்டுப் படம் முடியும்வரை பேசாமல் இருந்த அப்பா, 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஓடும்போது எழுந்து சமையலறைக்குப் போன அம்மா, சனல் 4 படத்தை நிறுத்தச் சொன்ன அம்மம்மா. இவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எழுதிவைத்தவர் யாருமில்லை. இந்த இதழை வாசிக்கும் இரண்டாம் தலைமுறையினர் அதைச் செய்யலாம். நல்ல தமிழில் எழுத வேண்டியதில்லை, எந்த மொழியிலும் எழுதலாம். படத்தின் பெயர், பார்த்த ஆண்டு, யார் யார் அறையில் இருந்தார்கள், யார் எழுந்து போனார்கள், பிறகு என்ன பேசினார்கள் என்பது போதும். கேட்பதற்கு உரியவர்கள் இன்னும் பக்கத்து அறையில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.